5. சனிக்கிழமை சாயங்காலம் மூன்று வீடு

பரமத்தி வேலூரில் ஞாயிற்றுக்கிழமை காலை ஆலய மணி அடிக்கும்போது உள்ளே இல்லாதவர்கள் யார் யார் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். பொத்தனூரில் இடுப்பெலும்பு முறிந்து கட்டிலோடு கிடக்கும் பாட்டி. பாட்டியைத் தனியே விட்டுவிட்டு வர முடியாத மருமகள். நாமக்கல்லில் லோடு ஏற்றிக்கொண்டு நாக்பூரைத் தாண்டிப் போய்விட்ட லாரி ஓட்டுநர். திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் ஏறி மத்தியப் பிரதேசத்தில் போர்வெல் போட்டுக்கொண்டிருக்கும் வாலிபர். அவர் ஊர் திரும்ப மாதக்கணக்காகும். கரூரில் காலை ஷிஃப்டில் நிற்கும் நர்ஸ். இத்தனை பேரும் சபைப் பதிவேட்டில் இருக்கிறார்கள். பெரும்பாலானோர் கையில் போனும் இருக்கிறது.

இந்த அத்தியாயம் அவர்களைப் பற்றியது. ஆனால் அவர்கள் படிப்பதற்காக எழுதியதல்ல, அவர்கள் வீட்டுப் படி ஏறப்போகிற உங்களுக்காக எழுதியது. ஆராதனையைப் போனில் அனுப்புவது எப்படி என்று சொல்லித்தர எத்தனையோ வீடியோக்கள் இருக்கின்றன. அனுப்பியதை மறுமுனையில் ஒருவர் திறந்து பார்க்கும்படி செய்வதுதான் கஷ்டம். அங்கேதான் பல சபைகள் கோட்டை விட்டன.

2020 மார்ச் 25இல் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. அந்த ஆண்டு புனித வெள்ளி ஏப்ரல் 10, ஈஸ்டர் ஏப்ரல் 12. தயாராக மூன்று வாரம்கூட இல்லை. மார்ச் 27ஆம் தேதி மாலை மழையில் நனைந்த புனித பேதுரு சதுக்கத்தில், ஓர் ஆள்கூட இல்லாத இடத்தில், போப் பிரான்சிஸ் நின்று ஜெபித்ததை உலகம் திரையில் பார்த்தது. இங்கே நம் ஆயர்மாரும் வெறும் பெஞ்சுகளைப் பார்த்துப் பிரசங்கம் செய்தார்கள். செப்டம்பர் 1ஆம் தேதி தமிழ்நாட்டில் வழிபாட்டுத் தலங்கள் திறந்தன. 2021 ஏப்ரல் கடைசியில் மறுபடி மூடின. மறுபடி திறந்தபின் அந்த ஆண்டு ஆகஸ்டில் வந்த உத்தரவு நமக்கு இன்னொரு விதமான சோதனை: வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் மூடல். வாரத்தில் நான்கு நாள் திறந்திருந்தும் ஞாயிறு இல்லை. அக்டோபர் நடுவில்தான் அது நீங்கியது.

கதவு திறந்த பிறகு பல சபைகள் டிரைபாடை மடக்கி அலமாரிக்கு மேலே போட்டுவிட்டன. எல்லோரும்தான் வந்துவிட்டார்களே என்று நினைத்தார்கள். பொத்தனூர்ப் பாட்டி கொரோனாவுக்கு முன்பும் வரவில்லை, பின்பும் வரவில்லை. நடுவில் இருந்த அந்த ஒன்றரை வருஷம்தான் அவர் சபையோடு இருந்தார்.

முதலில் ஒரு நோட்டு

எந்த ஆப் நல்லது என்ற கேள்வியிலிருந்து தொடங்காதீர்கள். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். பதிவேட்டைப் பார்த்து, ஆலயத்துக்கு வர முடியாதவர்கள் பெயரை எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே நான்கு விஷயம் வேண்டும்: வீட்டில் இருப்பது டச் போனா பட்டன் போனா, அந்த போன் யாருடையது, ரீசார்ஜ் செய்வது யார், ஞாயிறு காலையில் அந்த போன் வீட்டில் இருக்குமா.

கடைசிக் கேள்வியைக் கேட்க மறந்துவிடாதீர்கள். “எங்க வீட்ல டச் போன் இருக்குதுங்க” என்று பெருமையாகச் சொல்வார்கள். அந்த போன் மகனுடையதாக இருக்கும். மகன் காலை ஆறு மணிக்கே வாழைத்தார் ஏற்றிக்கொண்டு ஏல மண்டிக்குப் போயிருப்பார், போனும் அவர் சட்டைப் பையில் போயிருக்கும். நீங்கள் அனுப்பும் லிங்க் வாழைத்தாரோடு ஊர் சுற்றிக்கொண்டிருக்கும். அந்த வீட்டுக்கு நேரலை உதவாது, சாயங்காலம் கேட்கிற பதிவுதான் வேண்டும். இது தெரியாமல் வாராவாரம் லிங்க் அனுப்பிவிட்டு, “அனுப்பத்தான் செய்கிறோம், பார்க்கிறதில்லை” என்று குறை சொல்வதில் நியாயம் இல்லை.

நோட்டு முடிந்ததும் பெயர்கள் மூன்று கட்டாகப் பிரிந்து நிற்கும்: நேரலை பார்க்கக்கூடியவர்கள், பதிவைக் கேட்கக்கூடியவர்கள், பேச்சு அழைப்பு மட்டுமே சாத்தியமானவர்கள். மூன்றாவது கட்டு சின்னதாக இருக்கும். அதிலிருந்தே வேலையைத் தொடங்குங்கள், ஏனென்றால் மற்ற இரண்டு கட்டுக்காரர்களும் எப்படியோ சமாளித்துக்கொள்வார்கள்.

பட்டன் போன்காரர்களுக்கு

நம் பெரியவர்களுக்குப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து கேட்பது புதிதில்லை. மணிலாவிலிருந்து சிற்றலையில் வந்த வேரித்தாஸ் வானொலியின் தமிழ் நிகழ்ச்சியைக் குமிழைத் திருகித் திருகிப் பிடித்துக் கேட்ட தலைமுறை அது. அந்தச் சிற்றலை ஒலிபரப்பு 2018இல் நின்று இணையத்துக்கு மாறியது. டச் போன் இல்லாத வீட்டில் அன்றே கதவு ஒன்று சாத்தியதுபோல் ஆகிவிட்டது. வெறும் குரலை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் ஜெபத்தில் நிலைத்திருக்க அவர்களால் முடியும். நம்மால் முடியுமா என்பதுதான் சந்தேகம்.

ஆகவே கான்ஃபரன்ஸ் கால். இப்போது அநேகமாக எல்லா ரீசார்ஜ் திட்டங்களிலும் பேசுவதற்குத் தனிக் காசு இல்லை. ஆலயத்தில் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் உட்காரும் ஒருவர் தன் போனிலிருந்து முதல் ஆளை அழைக்க வேண்டும். அவர் எடுத்ததும் இரண்டாவது ஆளை அழைத்து இணைக்க வேண்டும், பிறகு மூன்றாவது. சாதாரணமாக ஐந்து பேர் வரை சேர்க்கலாம். அதற்கு மேல் இருந்தால் இன்னொரு போன், இன்னொரு ஆள். போனை ஒலிபெருக்கிக்கு நேர் எதிரே வைக்காதீர்கள், குரல் உடைந்து கரகரக்கும். நான்கைந்து அடி தள்ளி, பக்கவாட்டில், ஒரு கைக்குட்டையின்மேல் வையுங்கள்.

அந்தப் பக்கத்தில் கேட்பவர் தன் போனை ஸ்பீக்கரில் போட்டால் அவர் வீட்டு மிக்ஸி, கோழி, தொலைக்காட்சி எல்லாம் மற்ற நால்வருக்கும் கேட்கும். மியூட் செய்யும் வழியைப் பழக்கிவிடுங்கள். பழகாவிட்டால் விட்டுவிடுங்கள். கோழிச் சத்தத்தோடு ஆராதனை நடந்தால் நாமக்கல் மாவட்டத்தில் யாரும் வித்தியாசமாக நினைக்கப்போவதில்லை.

இதுவும் முடியாத வீட்டுக்கு மெமரி கார்டு இருக்கிறது. மொபைல் கடையில் பாட்டு ஏற்றித் தருகிற மாதிரி, ஆராதனையின் ஒலிப்பதிவை ஏற்றி, கார்டு போடுகிற சின்ன ஸ்பீக்கர் செட்டோடு கொடுத்துவிடலாம். இரண்டு கார்டு வைத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதை வாங்கி வர வேண்டும். பழைய சங்கதிதான், ஆனால் சிக்னல் கேட்காது, ரீசார்ஜ் கேட்காது, மாற்ற ஓர் ஆள் வாராவாரம் அந்த வீட்டுக்குப் போயே ஆக வேண்டும். எனக்கு இந்த முறையில் ரொம்பப் பிடித்ததே அந்தக் கடைசி விஷயம்தான்.

எதில் ஒளிபரப்புவது

ஜூமா, யூடியூபா, வாட்ஸ்அப்பா என்று சபைக் கமிட்டியில் இரண்டு மணி நேரம் பேசுவார்கள். என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன்: ஞாயிறு ஆராதனைக்கு யூடியூப், வாரநடு ஜெபக்கூட்டத்துக்கு ஜூம் அல்லது கூகுள் மீட்.

காரணம் இருக்கிறது. ஆண்ட்ராய்டு டச் போன்களில் யூடியூப் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும், புதிதாக எதையும் ஏற்ற வேண்டாம். தாமதமாக வந்தவர் பின்னால் இழுத்து முதலிலிருந்து பார்க்கலாம். முடிந்த பிறகு பதிவு அங்கேயே கிடக்கும். ஜூமின் இலவசக் கணக்கில் 40 நிமிடத்தில் கூட்டம் அறுந்துவிடும். பிரசங்கம் சூடு பிடிக்கிற நேரம் அது. ஆனால் ஜூமில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கலாம், பேசலாம். பத்துப் பேர் கூடும் ஜெபக்கூட்டத்துக்கு அதுதான் வேண்டும்.

யூடியூபில் போனிலிருந்தே நேரலை போட, சேனலுக்கு 50 சந்தாதாரர்களாவது இருக்க வேண்டும், போன் எண்ணைச் சரிபார்த்திருக்க வேண்டும். முதல்முறை நேரலை வசதியை இயக்கியதும் அனுமதி கிடைக்க ஒரு நாள்வரை ஆகும். சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு சேனல் தொடங்கி ஞாயிறு காலை ஒளிபரப்பலாம் என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

இதில் தீர்மானிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. நேரலையை எல்லோரும் பார்க்கும்படி விடலாம். லிங்க் வைத்திருப்பவர் மட்டும் பார்க்கும்படி, பட்டியலில் வராமலும் வைக்கலாம். பின்னதில் பாதுகாப்பு அதிகம், ஆனால் வாராவாரம் லிங்க் மாறும். எல்லோருக்கும் திறந்ததாக வைத்தால் சேனலின் முகவரிக்குப் பின்னால் சாய்வுக்கோடு போட்டு ‘லைவ்’ என்று சேர்த்த ஒரே முகவரி எல்லா வாரமும் நடக்கிற நேரலைக்கே கொண்டுபோய் விடும். ஒரே லிங்க் என்பது எண்பது வயதுக்காரருக்குப் பெரிய உபகாரம். நான் திறந்து வைப்பதையே சொல்வேன். ஆனால் அப்படி வைத்தால் ஜெபக்குறிப்பு வாசிக்கும்போது வாய்க்குக் காவல் வேண்டும். யாருக்கு எந்த நோய், எந்த வீட்டில் பெண்ணுக்கு வரன் தட்டிப்போகிறது, யார் கடனில் இருக்கிறார் என்பதெல்லாம் நம் நாற்பது குடும்பத்துக்குள் பேசுவது. யூடியூபில் போனால் ஊர் உலகத்துக்கே போகும், போன பிறகு கிடந்துகொண்டே இருக்கும். அந்தப் பகுதி வரும்போது நேரலையில் ஒலியை நிறுத்துங்கள், அல்லது பெயர் சொல்லாமல் ஜெபியுங்கள். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் முகம் தெரிகிற மாதிரி காட்டுவதானால் பெற்றோரைக் கேட்டுவிடுங்கள்.

லிங்க் போகிற குழு

சபை வாட்ஸ்அப் குழுவைத் திறந்து பாருங்கள். காலை வணக்கம், ரோஜாப்பூ, வசனப் படம், பிறந்தநாள் வாழ்த்து, அதற்கு நாற்பது கைகூப்புகள். நேற்று போட்ட லிங்க் எங்கேயோ அடியில் புதைந்து கிடக்கும். பாட்டி தோண்டி எடுக்க மாட்டார்.

லிங்குக்கென்று தனிக் குழு ஒன்று தொடங்குங்கள். அட்மின் மட்டுமே பதிவிடலாம் என்று அமைப்பில் மாற்றிவிடுங்கள். வாரம் ஒரே ஒரு செய்தி, சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு. குழுவின் படமாக ஆலயத்தின் முகப்பை வையுங்கள். எழுத்து வாசிக்க வராதவர்கள் படத்தை வைத்துத்தான் குழுவைக் கண்டுபிடிப்பார்கள். பிறகு அவர்கள் போனில் அந்தக் குழுவைப் பட்டியலின் உச்சியில் பின் செய்துவிடுங்கள். இந்த ஒரு வேலையை ஒழுங்காகச் செய்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

வீட்டுக்குப் போவது

மாற்கு 2ஆம் அதிகாரத்தில் திமிர்வாதக்காரனைச் சுமந்து வந்த நான்கு பேர் கூரையைப் பிரித்து அவனை இறக்கினார்கள். நமக்குக் கூரையில் கைவைக்கிற வேலை இல்லை. போனைப் பிரித்துப் பார்த்தால் போதும். இருவர் இருவராகப் போங்கள். ஒருவர் வாலிபர் சங்கத்துப் பிள்ளை, மற்றவர் அந்த வீட்டாருக்கு ஏற்கெனவே தெரிந்த, பெண்கள் ஐக்கிய சங்கத்து அம்மா. தனியாக இருக்கும் பெரியவர் வீட்டுக்குப் புதுமுகம் தனியே போய் “போனைக் குடுங்க” என்று கேட்டால் கொடுக்கக் கூடாது என்றுதான் நாமே அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும்.

நேரம் சனிக்கிழமை சாயங்காலம். கொடிக்காலில் வெற்றிலை கிள்ளப் போனவர்கள் வீடு திரும்பி, குளித்து, சோறு வடித்து ஓய்ந்திருக்கும் வேளை. ஒரு மாலைக்கு மூன்று வீட்டுக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள். நம் பக்கத்திலேயே கொல்லிமலையில் மிஷனரி ஈவ்லின் பிராண்ட் அம்மையார் இருந்தார். எழுபதை நெருங்கும் வயதில், ஓய்வு பெற வேண்டிய நேரத்தில், மலைக்குத் திரும்பி வந்து மட்டக்குதிரையில் ஊர் ஊராகப் போனவர். 1974இல் 95ஆவது வயதில் இறந்தார். நமக்கு ஸ்கூட்டர் இருக்கிறது, தார் ரோடு இருக்கிறது.

போனதும் போனைக் கையில் வாங்காதீர்கள். காப்பித் தண்ணி கொடுத்தால் குடியுங்கள். பிறகு அவர் பக்கத்தில் உட்காருங்கள், எதிரே உட்கார வேண்டாம். போன் அவர் கையிலேயே இருக்கட்டும்.

“எனக்கு எதுக்குக் கண்ணு இதெல்லாம்? பேரன் வந்தா போட்டு உடுவான்.”

“பேரன் ஞாயித்துக்கெழமெ பத்து மணி வரைக்கும் தூங்குவானுங்க ஆத்தா. நீங்களே ஒருக்கா அமுக்கிப் பாருங்க.”

“அமுக்குனா கெட்டுப்போயிராதா?”

“கெடாதுங்க. தப்பா அமுக்குனா திரும்பி வர்றதுக்கும் வழி இருக்குது, அதையுங் காட்டறேன்.”

அந்தத் திரும்பி வரும் வழியை முதலில் காட்டுங்கள். நாம் எல்லோரும் உள்ளே போகும் வழியைத்தான் சொல்லித்தருகிறோம். மாட்டிக்கொண்டால் வெளியே வரத் தெரியும் என்ற தைரியம் வந்தபிறகுதான் பெரியவர்கள் விரலை வைப்பார்கள்.

விரல் வைத்தும் திரை அசையவில்லையா? அவருக்குத் தெரியவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். காலமெல்லாம் மண்வெட்டியும் வெற்றிலைக் காம்பும் பிடித்துக் காய்ப்பேறிய விரல் அது. டச் ஸ்கிரீன் விரலின் மின்தன்மையை வைத்து வேலை செய்கிறது, காய்ந்து தடித்த தோலை அதற்குத் தெரியாது. நுனியை ஈரத்துணியில் லேசாகத் தொட்டுவிட்டு அமுக்கச் சொல்லுங்கள், அல்லது காய்ப்பில்லாத வேறு விரலை முயலச் சொல்லுங்கள். திரைமேல் ஒட்டிய கண்ணாடி தடியாக இருந்தாலும் இந்தச் சிக்கல் வரும். சில போன்களில் தொடுதிறனைக் கூட்டும் அமைப்பு இருக்கும். “எனக்குப் போன் ராசியில்லை” என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்த பலருடைய பிரச்சினை இவ்வளவுதான்.

பிறகு போனைக் கேட்டு வாங்கி, அவர் பார்க்கும்படியே, இந்த வேலைகளைச் செய்துவிடுங்கள். எழுத்தின் அளவைக் கூட்டுங்கள். மொழியைத் தமிழுக்கு மாற்றலாமா என்று கேளுங்கள். சிலர் ஆங்கிலச் சின்னங்களுக்கே பழகியிருப்பார்கள், மாற்றினால் அவர்கள் குழம்புவார்கள். நினைவகம் நிறைந்திருந்தால் யூடியூப் திணறும். வாட்ஸ்அப்பில் குவிந்த காலை வணக்கப் படங்களைக் கேட்டுக்கொண்டு அழியுங்கள். பேத்தியின் மஞ்சள் நீராட்டுப் படத்தை அதோடு சேர்த்து அழித்துவிட்டால் அந்த வீட்டுப் படியை மறுபடி மிதிக்க முடியாது. திரை தானாகத் திரும்பும் வசதியை இயக்குங்கள். யூடியூபில் ஆராதனைக்கு முன்னால் விளம்பரம் வரலாம். “இது நம்ம ஆலயத்துது இல்லீங்க, இந்த மூலைல அமுக்குனா போயிரும்” என்று சொல்லிவைக்காவிட்டால் சோப்பு விளம்பரத்தைப் பார்த்ததும் தப்பான இடத்துக்கு வந்துவிட்டோம் என்று மூடிவிடுவார்கள்.

கடைசியாக, போன வாரப் பதிவை அவரே திறக்கட்டும். மூன்று முறை. முதல்முறை நீங்கள் சொல்லச் சொல்ல, இரண்டாம் முறை சொல்லாமல் பக்கத்தில் இருந்து, மூன்றாம் முறை நீங்கள் எழுந்து திண்ணைக்குப் போய்விட்டு. போனைச் சொம்பில் சாய்த்து நிற்க வைக்கலாம், தனி ஸ்டாண்டு வாங்க வேண்டியதில்லை. சார்ஜர் ஒயர் எட்டுகிற இடமாகப் பாருங்கள்.

நெட் கணக்கு

“நெட் தீர்ந்துபோகும்” என்ற பயம் நியாயமானது. கணக்கைச் சொல்லிப் புரியவையுங்கள். யூடியூபில் 360 என்ற தரத்தில் ஒரு மணி நேரம் பார்த்தால் சுமார் 300 எம்பி செலவாகும். 720இல் வைத்தால் ஒரு ஜிபியைத் தாண்டிவிடும். தினம் 1.5 ஜிபி தரும் திட்டத்தில் ஒன்றரை மணி நேர ஆராதனையை 360இல் தாராளமாகப் பார்க்கலாம். பேரனுக்கும் மிச்சம் இருக்கும். 720இல் வைத்தால் திருவிருந்துக்கு முன்பே வேகம் விழுந்து வட்டம் சுற்ற ஆரம்பிக்கும். தரத்தைக் குறைத்து வைப்பதும் நீங்கள் வீட்டில் செய்துகொடுக்க வேண்டிய வேலைதான். சின்னத் திரையில் ஆயர் முகம் கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தால் குடி முழுகிவிடாது. குரல் அறுபடாமல் வந்தால் போதும்.

நாள் கணக்கு நள்ளிரவில் புதிதாகத் தொடங்கும். சனிக்கிழமை ராத்திரி யார் எவ்வளவு செலவழித்தாலும் ஞாயிறு காலைக்கு முழுசாக இருக்கும். தகரக் கூரை வீட்டில் சிக்னல் குறைவாக இருந்தால் வாசல் பக்கம், ஜன்னல் பக்கம் என்று போனை வைத்துப் பார்த்து, நன்றாக வருகிற இடத்தில் சாக்பீஸால் ஒரு குறி போட்டுவிட்டு வாருங்கள்.

வண்டியில் இருப்பவர்களுக்கு

லாரி ஓட்டுகிறவருக்கு நேரலை லிங்க் அனுப்புவது ஆபத்து. ஓட்டிக்கொண்டே போனைப் பார்ப்பது சட்டப்படியும் குற்றம், உயிருக்கும் கேடு. “ஆராதனைதானே” என்று டேஷ்போர்டில் மாட்டிவிடுவார். அவர்களுக்குப் பிரசங்கத்தை மட்டும் தனியாக ஒலியாக வெட்டி, திங்கட்கிழமை அனுப்புங்கள். இருபது நிமிட ஒலியைச் சுருக்கினால் ஐந்தாறு எம்பிக்குள் அடங்கும், தாபாவில் வண்டியை நிறுத்திச் சாப்பிடுகிற நேரத்தில் இறங்கிவிடும். ரிக் வண்டிப் பிள்ளைகள் இருக்கும் காடு மேடுகளில் சிக்னல் கிடைப்பதே அரிது. டீசல் போட ஊருக்குள் வரும்போதுதான் செய்திகள் வந்து விழும். அவர்களுக்குப் படத்தை விட, அம்மா ஒரு நிமிடம் பேசிய குரல் செய்தி ஒன்று பிரசங்கத்தோடு சேர்ந்து வந்தால் அதைத்தான் முதலில் கேட்பார்கள். ஆலயத்திலேயே ஆராதனை முடிந்ததும் அந்த அம்மாக்களைக் கூப்பிட்டுப் பதிவு செய்து அனுப்பலாம்.

ஆலயத்துக்குள்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1921 ஜனவரி 2ஆம் தேதி அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரின் கல்வாரி எபிஸ்கோபல் ஆலயத்திலிருந்து கேடிகேஏ வானொலி முதன்முதலாக ஓர் ஆராதனையை ஒலிபரப்பியது. கருவியோடு வந்த தொழில்நுட்பக்காரர்களுக்குப் பாடகர் குழு அங்கியை மாட்டி உட்கார வைத்தார்களாம், சபையாரின் கண் அவர்கள்மேல் போய்விடக் கூடாது என்று. நம் வாலிபர்கள் அங்கி போட வேண்டாம். திருவிருந்து நேரத்தில் போனைத் தூக்கிக்கொண்டு பலிபீடத்துக்கு முன்னால் குறுக்கும் நெடுக்கும் நடக்காமல் இருந்தால் அதுவே போதும்.

போனைப் படுக்கைவாட்டில் வையுங்கள். ஒளிபரப்பும் போனுக்கு அழைப்பு வந்தால் நேரலை தடைபடலாம். எங்கள் சபையில் முதல் நேரலையின்போது அப்படித்தான் ஆயிற்று. ஜெபத்தின் நடுவே கடன் வேண்டுமா என்று கேட்டு ஓர் அழைப்பு வந்தது, எல்லா வீட்டிலும் திரை உறைந்து நின்றது. இப்போது போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, வைஃபை மட்டும் இயக்கி ஒளிபரப்புகிறோம். ஒலிக்கு மைக் செட் மிக்ஸரிலிருந்து நேராக ஒயர் எடுப்பது நல்லது, மைக் செட் போடுகிறவரிடம் கேட்டால் போனுக்குச் சேரும் ஒயரைச் சொல்வார். பாட்டுக்குக் கடையில் வாங்கிய இசை டிராக்கைப் போட்டால் யூடியூப் உரிமை கேட்டு ஒலியை அடைத்துவிடக்கூடும். பழைய கீர்த்தனைக்கு உரிமைச் சிக்கல் இல்லை, அதை ஒருவர் பாடிப் பதிவு செய்த ஒலிக்கு உண்டு. ஆர்மோனியமும் தபேலாவும் போதும், யாரும் உரிமை கேட்க மாட்டார்கள்.

காணிக்கையும் களவும்

திரையில் க்யூஆர் குறியீட்டைக் காட்டுவதானால் சபையின் பெயரில் உள்ள வங்கிக் கணக்குடையதாக இருக்க வேண்டும், பொருளாளரின் சொந்தக் கணக்காக இருக்கக் கூடாது. யூடியூப் திறந்த வெளி. அயல்நாட்டிலிருந்தும் பணம் வரும். இந்தியக் குடிமகனாகவே இருந்து துபாயில் வேலை செய்யும் உங்கள் சபைப் பையன் தன் சேமிப்பிலிருந்து அனுப்புவது வெளிநாட்டு நன்கொடைக் கணக்கில் வராது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட அத்தை அனுப்பினால், அவர் பிறந்தது பரமத்தியாகவே இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடை. வெளிநாட்டு நன்கொடைச் சட்டமான எஃப்சிஆர்ஏயின் கீழ் பதிவோ முன் அனுமதியோ இல்லாத சபை அதை வாங்கக் கூடாது. குறியீட்டைப் போடும் முன் இதைக் கமிட்டியில் பேசிவிடுங்கள்.

நீங்கள் போனைத் திறக்கப் பழக்கிவிட்ட பாட்டியைத் தேடித் திருடனும் வருவான். அதற்கும் நாம்தான் பொறுப்பு. மூன்று விஷயத்தை வீட்டிலேயே சொல்லிவிடுங்கள். பணம் வருவதற்கு ஒருபோதும் ரகசிய எண் போட வேண்டியதில்லை, எண்ணைப் போட்டால் பணம் நம்மிடமிருந்து போகிறது என்று அர்த்தம். வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்று ஏபிகே கோப்பு வந்தால், ஆயர் எண்ணிலிருந்தே வந்தாலும், தொடக் கூடாது. ஆயர் பெயரில் “அவசரமாகப் பணம் வேண்டும்” என்று செய்தி வந்தால் ஆயருக்கு நேரே போன் போட்டுக் கேட்க வேண்டும். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் அடுத்த நிமிடமே 1930க்கு அழைக்க வேண்டும். இந்த எண்ணைப் பெரிதாக ஒரு அட்டையில் எழுதி, காலண்டர் மாட்டியிருக்கும் ஆணியிலேயே தொங்கவிட்டு வாருங்கள். அட்டையின் பின்பக்கம் உங்கள் எண்ணையும் எழுதுங்கள்.

இன்னொன்று, போகிற வீடுகளில் திருவிருந்தைப் பற்றியும் கேட்பார்கள்: “திரைக்கு முன்னால நாங்களும் அப்பம் எடுக்கலாமுங்களா?” சபைக்குச் சபை பதில் வேறு. கத்தோலிக்கர்கள் திரை வழியே நற்கருணை வாங்க முடியாது, மனதால் ஒன்றிக்கும் ஆன்மீக நற்கருணை ஜெபம் சொல்வார்கள். மற்றச் சபைகளில் ஆயர்தான் சொல்ல வேண்டும். நீங்களாக ஒன்றைச் சொல்லிவிடாதீர்கள். வீட்டுக்கு வந்து கொடுக்க வேண்டும் என்று யார் யார் கேட்கிறார்கள் என்பதை நோட்டில் குறித்து ஆயரிடம் கொடுங்கள்.

ஞாயிறு ஆராதனை முடிந்து அரை மணி கழித்து, சனிக்கிழமை போன மூன்று வீட்டுக்கும் போன் போடுங்கள். “பார்த்தீங்களா” என்று கேட்காதீர்கள், பார்க்காதவரும் பார்த்தேன் என்று சொல்லிவிடுவார். “இன்னிக்கு எந்தப் பாட்டு பாடுனாங்க?” என்று கேளுங்கள். பதில் வந்தால் அந்தப் பெயருக்கு எதிரே ஒரு டிக். வராவிட்டால் அடுத்த சனிக்கிழமையும் அதே வீடு. போகும்போது நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள், கூடவே ஒரு சார்ஜர் ஒயரையும். பெரியவர்கள் வீட்டு ஒயர் அநேகமாக அறுந்துதான் இருக்கும்.